வட்டம் பெரிதானால் மருந்து கூடிவிட்டதா?

வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கரைசல் பழுப்பாகும். வெள்ளி நானோ துகள் ரெடி. அதை ஆன்டிபயாடிக் தோய்த்த காகித வட்டில் சொட்டி, கிருமி பூசிய அகார் தட்டில் வைத்து, மறுநாள் ஸ்கேலை எடுத்து வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து, "14 மி.மீ. இருந்தது 19 ஆகிவிட்டது, மருந்துக்கு அடங்காத கிருமிக்குக் கூட்டு மருந்து கிடைத்துவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். முதுகலை புராஜெக்ட்டுகளில் பார்த்துச் சலித்த காட்சி. வெள்ளியும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து வேலை செய்யக்கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்படி அளந்தால் அது தெரியாது என்கிறேன்.

ஒரே வட்டில் இரண்டு மருந்து வைத்தால் வட்டம் சற்று விரியத்தான் செய்யும். அது வெறும் கூட்டல். போதாததற்கு, துகள் அகாருக்குள் எளிதில் நகராது. நகர்வது பெரும்பாலும் கரைந்த வெள்ளி அயனி. சரியாகக் கழுவாத கரைசலில் மிச்சமிருக்கும் வெள்ளி நைட்ரேட் செய்த வேலையைத் துகளின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது செக்கர்போர்டு, அதாவது இரண்டு மருந்தையும் சதுரங்கக் கட்டம்போல் எல்லா அளவிலும் கலந்து பார்ப்பது. 96 குழித் தட்டு. நீளவாக்கில் ஆன்டிபயாடிக், குறுக்கே வெள்ளி, இரண்டையும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். குழிக்கு இது 50 மைக்ரோலிட்டர், அது 50. இரண்டும் வேண்டிய செறிவைப்போல் 4 மடங்கு. அதன்மேல் 100 மைக்ரோலிட்டர் பாக்டீரியா. 0.5 மெக்ஃபார்லண்ட் (கிருமிக் கரைசலின் கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலை 150 மடங்கு நீர்த்தால் மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் கிருமி; குழிக்குள் கலந்ததும் அது மில்லிலிட்டருக்கு 5 லட்சமாகும். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம்.

சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்) தனியாக மில்லிலிட்டருக்கு 16 மைக்ரோகிராமிலும் வெள்ளி தனியாக 8-லும் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்த்தபோது 4-ம் 2-ம் போதுமென்றால் 4/16 + 2/8 = 0.5. அந்த 0.5-ஓ அதற்குக் கீழோ வந்தால்தான் வெறும் கூட்டலைத் தாண்டிய கூட்டு விளைவு. 4-ஐத் தாண்டினால் ஒன்றையொன்று கெடுக்கிறது. நடுவில் நின்றால் ஒன்றுமில்லை. இந்த முறையில் ஒரு குழி முன்னே பின்னே போவது சகஜம். சிப்ரோ 4-க்குப் பதில் 8 என்று வந்தால் விடை 0.75. ஒரே தட்டைப் பார்த்து 0.5 என்று எழுதுவது சீட்டுக் குலுக்கல். வேறு வேறு நாளில் மூன்று தடவையாவது போடுங்கள்.

அடுத்த வில்லன் உப்பு. கிருமி வளர்க்கும் மில்லர் வகை எல்பி ப்ராத் என்ற ஊட்டக் கரைசலில் லிட்டருக்கு 10 கிராம் சோடியம் குளோரைடு. வெள்ளி அயனி குளோரைடைக் கண்டதும் வெள்ளை வீழ்படிவாகும். சிட்ரேட் பூசிய துகள் உப்பில் ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாகும். பிவிபி என்ற பாலிமர் பூச்சு இன்னும் கொஞ்சம் தாங்கும். சாம்பல் நிறமான குழி 600 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் கலங்கலாகத் தெரியும், கிருமி வளர்ந்துவிட்டதென்று நினைப்போம். அதனால் பாக்டீரியா போடாத வெள்ளி வரிசை ஒன்று கட்டாயம். உயிருள்ள கிருமி நிறம் மாற்றும் ரெசாசுரின் சாயம் போட்டு நீலம் இளஞ்சிவப்பாவதைப் பார்க்கலாம். ஆனால் இலைச்சாறே அந்தச் சாயத்தை மாற்றக்கூடும், அதற்கும் ஒரு கன்ட்ரோல் வேண்டும். குழியிலிருந்து எடுத்து அகாரில் பூசி "செத்துவிட்டது" என்று சொல்வதற்கு முன், கூடவே வந்த வெள்ளியை சோடியம் தயோகிளைகோலேட், தயோசல்ஃபேட் சேர்த்து முடக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், அதே வரிசையில் வெறும் வெள்ளி நைட்ரேட்டையும் ஓட்டிப் பார்ப்பது. 2012-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆக்சிஜன் இல்லாமல் சோதித்தபோது துகள் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைக் கொல்லவில்லை, காரணம் ஆக்சிஜன் இல்லாமல் அயனி கழலவில்லை. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பெரிய மூலக்கூறு, ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைக் கிருமியின் வெளிச்சவ்வைத் தாண்டாது. 2013-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் காலின்ஸ் குழு அதை உள்ளே நுழைய வைத்ததும் வெள்ளி அயனியைக் கொண்டுதான். எந்த ஆன்டிபயாடிக் என்பதும் முக்கியம்: 2016-ல் சால்மோனெல்லாவில் பார்த்தபோது டெட்ராசைக்ளினும் நியோமைசினும் துகளோடு கூட்டுச் சேர்ந்தன, ஆம்பிசிலின் சேரவில்லை.

வெள்ளிக்குக் கிருமி பழகாது என்பதும் கதை. 1975-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைத் தீக்காய வார்டில் வெள்ளியைத் தாங்கும் சால்மோனெல்லா கிடைத்தது. 2018-ல் செக் நாட்டுக் குழு ஒன்று, ஈ.கோலை ஃபிளாஜெலின் புரதத்தைச் சுரந்து துகள்களைத் திரளவைத்துவிடுவதைக் காட்டியது. மாதுளைத் தோல் சாறு அந்தச் சுரப்பைத் தடுத்ததாம்!

மருத்துவத்தில் வெள்ளியின் இடம் புண்ணின் மேலும் உடலுக்குள் செருகும் குழாயின் மேலும். தீக்காயத்துக்குப் பூசும் 1 சதவீத சில்வர் சல்ஃபாடையசின் 1960களிலிருந்து இருக்கிறது. வெள்ளி பூசிய செயற்கைச் சுவாசக் குழாய் 2008 சோதனையில் நிமோனியாவை 7.5 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைத்தது. சிறுநீர் வடிக்கச் செருகும் குழாயில் வெள்ளிப் பூச்சு 2012 பிரிட்டன் சோதனையில் சொல்லிக்கொள்ளும்படி உதவவில்லை.

இதை விட்டுவிட்டு, வாட்ஸ்அப் பார்த்து "கொலாய்டல் சில்வர்" (வெள்ளித் துகள் மிதக்கும் நீர்) குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டில் வெள்ளியைக் கெடுத்த அதே குளோரைடு வயிற்று அமிலத்திலும் இருக்கிறது. ரத்தத்தில் ஏறும் கொஞ்சநஞ்சமும் கிருமியைத் தேடிப் போகாது, தோலில் போய்ப் படியும். வெயில் பட்ட முகம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகும், தானாகப் போகாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-லேயே இதை மருந்தென்று விற்பதற்குத் தடை போட்டுவிட்டது.