வீட்டுப்பாடம் கூடினால் மதிப்பெண் கூடுமா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு மதிப்பெண்ணும் உயரும் என்று ஆய்வுகள் நிறுவிவிட்டதாகப் பரவிவரும் செய்தி தவறானது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1987 முதல் 2003 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட மதிப்பாய்வில், வீட்டுப்பாடத்துக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு 7ஆம் வகுப்பு முதல் வலுவாகவும், அதற்குக் கீழுள்ள வகுப்புகளில் வலுக்குறைந்தும் காணப்பட்டது.

வீட்டுப்பாடமே வீண் என்று இதற்குப் பொருளில்லை. அப்படி வாதிடுவோரும் இந்த மதிப்பாய்வை அரைகுறையாகவே படித்திருக்க வேண்டும். ஏனெனில், நடத்திய பாடத்தையொட்டிக் கொடுக்கும் பயிற்சி, அந்தப் பாடத்துக்கான தேர்வில் இளம் வகுப்பினருக்கும் பயன் தந்ததாக அதிலேயே கூறப்பட்டுள்ளது. அன்றியும், பாடம் புரியாமல் தடுமாறும் பிள்ளையே அதை முடிக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், செலவிட்ட மணிக்கணக்கை மட்டும் வைத்துக் கற்றலை அளப்பது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும்.