கிளவுடில் கடவுச்சொற்கள்: கட்டுரை விட்டுவிட்ட பகுதி
கடவுச்சொற்களை கிளவுடில் வைப்பதே ஆபத்து என்று நான் படித்த ஒரு கட்டுரை சொன்ன முடிவை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாண்மைச் செயலிகளில், நம் கடவுச்சொற்கள் அடங்கிய பெட்டகம் நம் கருவியிலேயே மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக்குதல்) செய்யப்பட்ட பிறகுதான் சர்வருக்குச் செல்கிறது; அதைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் அந்நிறுவனத்திடம்கூட இருப்பதில்லை. 2022-இல் அதேபோன்ற செயலியான லாஸ்ட்பாஸிலிருந்து பெட்டக நகல்கள் திருடப்பட்டபோது, இணையதள முகவரிகள் மறையாக்கமின்றி இருந்ததும், பழைய கணக்குகள் சிலவற்றில் முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து பெட்டகத்தின் சாவியை உருவாக்கும் கணக்கீட்டுச் சுற்றுகள் (இவை குறைந்தால் ஊகிப்பது எளிதாகும்) மிகக் குறைவாக இருந்ததுமே உண்மையில் கவலைக்குரியவை. திருடிய நகலை வைத்துக்கொண்டு முதன்மைக் கடவுச்சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம் என்பதால், அந்நிலையில் இரண்டடுக்குச் சரிபார்ப்புகூடக் கைகொடுக்காது. எனவே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்த நீண்ட முதன்மைக் கடவுச்சொல் மிக அவசியம். கணக்குக்குள் நுழைய முடியாதபோது உதவும் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதித் தனியே பத்திரப்படுத்துங்கள். அதையும் அதே பெட்டகத்துக்குள் வைத்தால், உள்ளே நுழைய முடியாத நாளில் அது உங்களுக்குக் கிடைக்காது.