விமானம் போனால் போகட்டும்

போன வருஷம் அமெரிக்கப் போர் விமானம் ஒன்று செங்கடலில் விழுந்தபோது, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு. "ஐந்நூறு கோடி ரூபாய் அப்படியே தண்ணிக்குள்ள போச்சே!" என்றுதான் எல்லோருக்கும் ஆதங்கம். உள்ளே இருந்த இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் விலைக்கே போய்விட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

2025 மே 6, இரவு. ஹாரி ட்ரூமன் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு சூப்பர் ஹார்னெட் போர் விமானம் இறங்குகிறது. கப்பலில் ஓடி நிற்க இடம் கிடையாது. விமானத்தின் வாலில் இருக்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கிடக்கும் எஃகு வடத்தில் மாட்டி, இரண்டு மூன்று நொடியில் நின்றாக வேண்டும். அன்று வடம் நிறுத்தவில்லை. பராமரிப்பில் விட்ட குறைதான் காரணம் என்று பிறகு விசாரணையில் வந்தது. தளத்தின் விளிம்பு நெருங்குகிறது, அதற்கு அப்பால் இருட்டுக் கடல். யோசிக்க நேரம் ஏது? ஆளை இருக்கையோடு ராக்கெட்டால் வெளியே எறியும் கைப்பிடியை இழுத்தார்கள். மேல்மூடி பறந்தது, முதலில் பின்னால் இருந்தவர், அடுத்து முன்னால் இருந்தவர். முன் இருக்கையின் ராக்கெட் நெருப்பு பின்னால் இருப்பவரைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வரிசை. இதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், பாருங்கள்.

அந்த இருக்கையைச் செய்வது மார்ட்டின்-பேக்கர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. அதன் பெயரில் இருக்கும் பேக்கர் ஒரு விமானி. 1942-இல் தங்கள் கம்பெனி விமானத்தையே சோதித்துப் பார்க்கும்போது எஞ்சின் நின்று இறந்துபோனார். கூட்டாளி ஜேம்ஸ் மார்ட்டினால் அதைத் தாங்க முடியவில்லை. விமானியை உயிரோடு வெளியே கொண்டுவருவதையே அதன் பிறகு வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். இன்றுவரை 7,000 பேருக்கு மேல் அந்த இருக்கைகளால் பிழைத்திருக்கிறார்கள். நண்பனின் சாவுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

சரி, வெளியே வந்தாயிற்று. ஆனால் ஆபத்து முடியவில்லை. நனைந்த பாராசூட்டே ஆளை மூழ்கடித்துவிடும். கயிறு காலைச் சுற்றும், காற்று அடித்தால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். அதற்காகத் தோள்பட்டைக் கொக்கியில் சின்னதாக ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். உப்புத்தண்ணீர் பட்டதும் பாராசூட்டைத் தானே கழற்றிவிடும். விமானி மயங்கிக் கிடந்தாலும் அது வேலை செய்யும். எத்தனையோ நாள் முன்னால் ஒருவர் அதைச் சரிபார்த்து, பாராசூட்டை மடித்து வைத்திருப்பார். தான் மடித்தது யார் உயிரைக் காக்கப் போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

அப்புறம் ஹெலிகாப்டர். விமானங்கள் ஏறி இறங்கும் நேரமெல்லாம் ஒன்று பக்கத்திலேயே காவல் நிற்கும். அதிலிருந்து கறுத்த தண்ணீருக்குள் குதிப்பவர், விமானியின் உடம்பில் கயிறு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இருந்தால் அறுத்துவிட்டுத்தான் மேலே தூக்கச் சொல்லிக் கைகாட்டுவார். அன்று இரண்டு பேரும் சின்னக் காயங்களோடு கப்பலுக்குத் திரும்பினார்கள். ஒரே கப்பலில் ஒருவர் அசட்டையாக விட்டது கொல்லப் பார்த்தது, இன்னொருவர் கவனமாகச் செய்தது காப்பாற்றியது. வடத்தைக் கவனிக்காதவர்களிடம் கட்டாயம் கேள்வி கேளுங்கள். ஆனால் விமானத்தின் விலையைச் சொல்லிக் கேட்காதீர்கள், அந்த இரண்டு பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், நம் கடற்படையில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. 2020 நவம்பர் 26, மாலை. மிக்-29கே பயிற்சி விமானம் அரபிக்கடலில் விழுந்தது. அதிலும் இரண்டு பேர். ஒருவரை உடனே மீட்டுவிட்டார்கள். இன்னொருவர், கமாண்டர் நிஷாந்த் சிங். கப்பல்களும் விமானங்களும் முக்குளிப்பவர்களும் நாள் தவறாமல் தேடினார்கள். நானும் தினம் காலையில் எழுந்ததும் அந்தச் செய்தியைத்தான் முதலில் தேடுவேன். டிசம்பர் 7-ஆம் தேதி, கோவா கரையிலிருந்து 30 மைல் தள்ளி, 70 மீட்டர் ஆழத்தில் அவர் உடல் கிடைத்தது.