ஹாக்ஸ் புரதம் தனியாக எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை

“பழ ஈயின் எந்தப் பகுதியில் எது முளைக்க வேண்டும் என்பதை ஹாக்ஸ் புரதம் ஒன்றே தீர்மானிக்கிறது” என்று பலர் சொல்வது பாதிதான் சரி. ஹாக்ஸ் புரதங்கள் என்பவை டிஎன்ஏவில் ஒட்டி மற்ற மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்கள். ஹாக்ஸ் புரதங்கள் பலவும் தனியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரே மாதிரியான குட்டி டிஎன்ஏ வரிசைகளில்தான் ஒட்டுகின்றன. பிறகு எப்படி ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்கிறது? எக்ஸ்ட்ராடெண்டிகிள் என்ற துணைப் புரதம் கூடச் சேரும்போது அவற்றின் தேர்வு கூர்மையாகிறது. அந்தத் துணையை முழுவதும் நீக்கிய கருவில் ஹாக்ஸ் புரதங்கள் பெரும்பாலும் வழக்கமான இடங்களிலேயே உருவாகின்றன, ஆனாலும் உடல் கண்டங்களின் (உடலில் வரிசையாக அமைந்த துண்டுகளின்) அடையாளம் மாறிப்போகிறது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எக்ஸ்ட்ராடெண்டிகிளும் தனியாக உட்கருவுக்குள் தங்காது, அதற்கு ஹோமோதோராக்ஸ் என்ற இன்னொரு புரதம் வேண்டும். வயிற்றுப் பகுதியில் கால் முளைக்காததற்குக் காரணம், அல்ட்ராபைதோராக்ஸ் என்ற ஹாக்ஸ் புரதம் இந்த இரண்டோடும் சேர்ந்து, கால் வளரத் தேவையான டிஸ்டல்-லெஸ் மரபணுவை அடக்குவதுதான்.

அதற்காக, துணை இல்லாமல் ஹாக்ஸ் புரதத்தால் எதுவுமே முடியாது என்று எதிர்ப்பக்கமும் போய்விடக் கூடாது. பின் இறக்கைக்குப் பதிலாக வரும் சமநிலை உறுப்பில், எக்ஸ்ட்ராடெண்டிகிள் இல்லாமலேயே அல்ட்ராபைதோராக்ஸ் சில மரபணுக்களை அடக்குகிறது. எந்தத் திசு, எந்த மரபணு என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.