முதலில் விண்ணப்பம், பிறகுதான் ஸ்பானர்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசிக்கும் அண்ணன் ஒருவர், சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி உணவகம் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறார். அவருடைய வண்டி 2003ஆம் ஆண்டு கொரோலா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்காக மடித்த தாள் ஒன்றோடு வந்து, “தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, மறுபடியும் ஃபெயில்னுட்டான்” என்றார். அது ஸ்மாக் செக் எனப்படும் வண்டிப் புகைச் சோதனையின் அறிக்கை. ‘மறுபடியும்’ என்ற சொல்தான் என்னை உட்கார வைத்தது. முதல் தோல்விக்கும் இரண்டாவது தோல்விக்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில், அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆயிரத்துச் சொச்சம் டாலர் அரசு உதவி, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் கைநழுவிப் போயிருந்தது.

கலிஃபோர்னியாவில் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் புகைச் சோதனை கட்டாயம். தேறாத வண்டியின் பதிவை மாநில வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி புதுப்பிக்காது. 2000ஆம் ஆண்டும் அதற்குப் பிறகும் வந்த வண்டிகளில் புகைக்குழாய்க்குள் கருவியைச் செருகி அளப்பதில்லை; வண்டியின் கணினியில் ஒரு கம்பியை இணைத்து, அது என்ன குறை சொல்கிறது என்று கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணனின் வண்டி சொன்ன குறையின் குறியீடு பி0420. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் பின்னால் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுபோலவே ஏறி இறங்கினால், நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று கணினி முடிவு கட்டிவிடுகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எஞ்சின் ஆயிலைக் குடித்தாலோ, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருந்தாலோ கன்வெர்ட்டர் கெடும். அந்த மூல நோயைப் பார்க்காமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகும். ஆகவே முதலில் ஆராய வேண்டும், பிறகே மாற்ற வேண்டும்.

அண்ணன் ஆராயவில்லை. தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒரு மெக்கானிக், கலிஃபோர்னியா அனுமதி பெற்ற கன்வெர்ட்டர் என்றால் விலை ஆயிரத்தைத் தாண்டும் என்றும், இணையத்தில் இருநூறு டாலருக்கே கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த இருநூறு டாலர் சரக்கு, கடைக்காரர்கள் ‘49 மாநில வகை’ என்று குறிப்பிடுவது. விடுபட்டிருக்கும் அந்த ஒரு மாநிலத்தில்தான் நாம் குடியிருக்கிறோம். இங்கே பொருத்தப்படும் கன்வெர்ட்டரின் உறைமேல் மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சோதனைக்காரர் வண்டிக்கு அடியில் விளக்கடித்துத் தேடுவது அந்த எண்ணைத்தான். அண்ணன் காட்டிய கைபேசிப் படத்தில் உறை வெள்ளிபோல் பளபளவென்று இருந்தது. எண் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. இரண்டாவது தோல்விக்குக் காரணம் அதுவே. கழற்றிய பழைய கன்வெர்ட்டரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மெக்கானிக்கே வைத்துக்கொண்டாராம். செத்த கன்வெர்ட்டருக்கும் உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காகப் பழைய சாமான் சந்தையில் விலை உண்டு என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை.

இனி உதவியைப் பற்றிச் சொல்கிறேன். மாநிலத்தின் பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற துறை, கன்ஸ்யூமர் அசிஸ்டன்ஸ் புரோகிராம் என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்துகிறது. இரண்டாண்டுச் சோதனையில் தோற்ற வண்டி 1996ஆம் ஆண்டோ அதற்குப் பிந்தியதோ என்றால் 1,450 டாலர் வரையிலும், 1976 முதல் 1995 வரையிலான மாடல் என்றால் 1,100 டாலர் வரையிலும் புகை தொடர்பான பழுதுக்குத் தருகிறார்கள். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமை அளவீட்டில் 225 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வேலையைத் திட்டத்தில் சேர்ந்துள்ள ‘ஸ்டார்’ நிலையத்தில்தான் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும். முன்னதாகவே செலவழித்த பணத்தைத் திருப்பித் தருவதில்லை. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் கழற்றப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கும் வண்டிக்கு உதவியும் இல்லை. மனைவி, மகளோடு மூன்று பேர் குடும்பமாக வாழும் அண்ணன் வருமான வரம்புக்குள் நன்றாகவே வருகிறார். முதல் தோல்வியன்றே விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும். மாறாக, வண்டியைச் சரிசெய்ய முயன்ற ஒரே குற்றத்துக்காக அவர் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்.

இந்த நிபந்தனைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய ரசீதுகளுக்கெல்லாம் பணம் என்று அறிவித்தால் போலி ரசீதுகள் மலைபோல் குவியும் என்பதை ஊர் உலகம் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். நான் கேட்பது வேறு. இரவு பதினொன்றரைக்கு உணவகம் சாத்திய பிறகு பேருந்து கிடைக்காத ஊரில், ஒப்புதல் கடிதம் வரும் வரை வண்டியைத் தொடாமல் காத்திருக்க யாரால் முடியும்? சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக் கூடியவரால் முடியும். வீட்டில் இரண்டாவது கார் வைத்திருப்பவரால் முடியும். அதாவது, யாருக்கு இந்த உதவி அவ்வளவாகத் தேவையில்லையோ அவரால்தான் நிபந்தனையை எளிதாக நிறைவேற்ற முடியும். தோல்வி பதிவான அந்த நிமிடமே நிலையத்தின் கருவி முடிவை மாநிலத் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடுகிறது. அரசுக்குத் தெரிந்துவிட்ட செய்தியை, அந்த மனிதர் தனியாகப் படிவம் நிரப்பி மறுபடியும் அரசுக்குச் சொல்ல வேண்டியிருப்பது எதற்காக? சோதனைக்காரரே, “இதைச் சரிசெய்ய உதவி உண்டு, அதுவரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்” என்று வாயால் சொல்லி, அங்கேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பதே என் வாதம். தாளில் பொடி எழுத்தில் ஏதேதோ அச்சிடுவதைச் சொன்னதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. ஆங்கிலத்தில் ‘ஃபெயில்’ என்ற சொல்லுக்குக் கீழே எவரும் படிப்பதில்லை.

இது தர்மக் காசும் இல்லை. புது வண்டி வைத்திருப்போருக்கு முதல் எட்டு ஆண்டுகள் ஸ்மாக் செக் கிடையாது. அதற்குப் பதிலாகப் பதிவுக் கட்டணத்தோடு முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 20 டாலரும், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 25 டாலரும் புகைக் குறைப்புக் கட்டணமாகக் கட்டுகிறோம். அந்தக் கட்டணத்தின் ஒரு பகுதியிலிருந்துதான் இந்தத் திட்டத்துக்குப் பணம் வருகிறது. நானே அதைப் பல ஆண்டுகள், என்னவென்று பார்க்காமல், கட்டியிருக்கிறேன். சோதனைக்கு நிற்காத என் வண்டியின் பணம் கீழ்த்தளத்து வண்டியின் புகையைக் குறைப்பதற்குச் செலவானால், அதே காற்றைத்தான் மேல்தளத்தில் நானும் சுவாசிக்கிறேன்.

சோதனையே அரசின் வசூல் வேலை என்று பேசும் நண்பர்கள் உண்டு. அவர்களோடு நான் சேரவில்லை. 1943ஆம் ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸை மூடிய புகைமூட்டத்தைப் பார்த்து, ஜப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டதாக மக்கள் பயந்தார்கள். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்தே அந்த மூட்டம் உருவாகிறது என்பதைக் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கின் பேராசிரியர் ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். சோதனை வேண்டும். தோற்றவரை அம்போவென்று விடாத வழியும் வேண்டும்.

வருமான வரம்பையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் தனியாள் ஒருவருக்கு அந்த 225 சதவீதம் ஏறக்குறைய 35,212 டாலர். அதே ஆண்டில் மாநிலக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 16.50 டாலரில் முழுநேரமாக உழைப்பவரின் ஆண்டு வருமானம் 34,320. ஆண்டு முழுவதிலும் சேர்த்து 37 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் போதும், அவர் தகுதி இழப்பார். இதே வளைகுடாப் பகுதியிலுள்ள சன்னிவேல் நகரத்தின் சொந்தக் குறைந்தபட்சக் கூலியோ அந்த ஆண்டில் 19 டாலர். அங்கே முழுநேர வேலை பார்க்கும் தனியாளுக்கு ஓவர்டைம் இல்லாமலே கதவு சாத்தியாகிவிடுகிறது. வறுமை அளவீடு அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக நாடு முழுவதற்கும் ஒன்றே. வாடகை அப்படி ஒன்றாக இல்லை என்பதை இங்கே வீடு தேடிய எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

வண்டியை உடைப்புக்குக் கொடுத்துவிட்டுப் பணம் பெறும் வழியும் இதே திட்டத்தில் உண்டு: பொதுவாக 1,350 டாலர், வருமான வரம்புக்குள் இருந்தால் 2,000. அண்ணனிடம் சொன்னேன். “ரெண்டாயிரத்துக்கு இந்த ஊர்ல ஓடுற வண்டி எங்க தம்பி கிடைக்கும்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது அவர் பதிவுக் கட்டணத்தைக் கட்டி, மேற்கொண்டு 50 டாலர் கொடுத்து, டிஎம்வியில் 60 நாள் தற்காலிக அனுமதி வாங்கியிருக்கிறார். அனுமதி எண் உள்ள கன்வெர்ட்டருக்கு உணவக முதலாளியிடம் முன்பணம் கேட்டிருக்கிறார். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியுள்ள மளிகைக்கடை நாள்காட்டியில் அவர் மகள் ஒவ்வொரு நாளையும் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டு வருகிறாள். நேற்று நான் பார்த்தபோது இன்னும் 23 கட்டங்கள் அடிக்கப்படாமல் இருந்தன.