பாடகோஸ் திட்டம் பற்றி ஒரு திருத்தம்
ஸ்பெயினின் தென்மேற்கில் உள்ள எக்ஸ்ட்ரமதுராவில் ஏழைகளுக்கு நிலம் கொடுத்து வறுமையை ஒழித்தது சர்வாதிகாரி பிராங்கோவின் 1952 பாடகோஸ் திட்டம்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அணை, வாய்க்கால், புதிய குடியேற்ற ஊர்கள் எல்லாம் வந்தது உண்மை, சரி. ஆனால் நிலம் கேட்டு அங்கிருந்த ஏழை உழவர்கள் முன்பே எழுந்திருந்தார்கள். ஏரும் ஒரு ஜோடி கோவேறு கழுதையும் தவிர வேறெதுவும் இல்லாத சுமார் 60,000 பேர், 1936 மார்ச் 25 அன்று பெரிய பண்ணைகளுக்குள் இறங்கி உழவே தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், உள்நாட்டுப் போரில் பிராங்கோ தரப்புப் படை அங்குள்ள பாடகோஸ் நகரைப் பிடித்து ஆட்களைக் கொன்று குவித்தது. நிலம் பண்ணையார்களிடமே திரும்பியது. இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். வறுமையாவது ஒழிந்ததா? 1960இல் சுமார் 13.8 லட்சமாக இருந்த எக்ஸ்ட்ரமதுராவின் மக்கள்தொகை பத்தே ஆண்டில் 11.5 லட்சத்துக்கு இறங்கியது. மாட்ரிட், பார்சிலோனா, ஜெர்மனி என்று பிழைப்பு தேடிப் போய்விட்டார்கள்.