256 வரைக்கும் சரி, 257 வந்தா தகராறு

மாங்கா சீசன் வந்தாலே இந்தத் தலைவலிதான். கிருஷ்ணகிரியில ஒரு மண்டிக்கு யாரோ எழுதிக் கொடுத்துட்டுப் போன பைத்தான் புரோகிராம். இறங்கின பெட்டியும் பில்லுல இருக்கிற பெட்டியும் ஒண்ணான்னு பார்க்க, மதிப்பை ஒப்பிடற இரட்டைச் சமக்குறி (==) போடாம 'இஸ்' (is) போட்டு வெச்சிருக்காங்க. சின்ன லோடுன்னா எல்லாம் சரி. 257 பெட்டி இறங்கட்டும், ரெண்டு பக்கமும் அதே 257 இருக்கும், ஆனா 'பொருந்தவில்லை'ன்னு சிவப்புல காட்டும். டிரைவர் வெயில்ல நிக்கறார், கணக்குப்பிள்ளை எனக்குப் போன் அடிக்கறார்.

'இஸ்' மதிப்பைப் பார்க்காதுங்க. ரெண்டும் மெமரியில ஒரே ஆப்ஜெக்டான்னுதான், அதாவது ஒரே இடத்துல இருக்கிற ஒரே பொருளான்னுதான் பார்க்கும். அங்க ஓடற சிபைத்தான் (பைத்தான் புரோகிராமை ஓட்டற வழக்கமான மென்பொருள்) பதிப்பு -5 முதல் 256 வரைக்கும் எண்களை முன்னாடியே உருவாக்கி வெச்சுக்கும். அதுவரைக்கும் 'ஆமா'. அதைத் தாண்டினா, கணக்குல வர்ற ஒவ்வொரு எண்ணும் தனித்தனி ஆப்ஜெக்ட்.

கொடுமை என்னன்னா, ஒரே ஃபங்ஷனுக்குள்ள (புரோகிராமோட ஒரு தனிப் பகுதி) ரெண்டு இடத்துல 257-ன்னு நேரா எழுதிச் சோதிச்சா 'ஆமா'ன்னே வரும். புரோகிராமை ஓட்டறதுக்கு முன்னாடி மாத்தித் தர்ற கம்பைலர் ரெண்டையும் ஒண்ணாக்கிடும். அப்புறம் டெஸ்ட்டுல எங்கேருந்து மாட்டும்? பைத்தான் 3.8 பதிப்புல, இப்படி 'இஸ்' போட்டா எச்சரிக்கை வர்ற மாதிரி கொண்டு வந்தாங்க, நல்ல காரியம்தான். ஆனா எண்ணை நேரா எழுதினாத்தான் அது வரும். ரெண்டு பக்கமும் வேரியபிள்னா, அதாவது எண்ணுக்கு வெச்ச பேர்னா, வாயே திறக்காது.